தளர்த்துவதும் தேற்றுவதும்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் நாம் செய்து முடித்த நற்காரியங்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். முளையிலேயே நின்றுபோனவற்றையும் இன்று சற்று எண்ணிப் பார்ப்போம். அதற்கு ஒரு சொல்லைத் துணையாகக் கொள்வோம். 'தளர்த்துதல்' என்பதே அச்சொல்.

'தளர்' என்பது தன்வினை. 'தளர்த்து' என்பது பிறவினை. கயிறு தானே தளர்வதுண்டு; ஒருவன் தளர்த்துவதும் உண்டு. கட்டுமரத்தின் கட்டைத் தளர்த்திவிட்டால் மரங்கள் நல்ல மரங்களாகவே இருக்கும். ஆனால் கடலேற முடியாது. மனத்தைத் தளர்த்துவதும் அப்படித்தான். திறமை இருக்கும், கட்டு இராது.

இதனை ஏட்டில் 'அதைரியப்படுத்துதல்' என்கிறோம். வீட்டில் 'மனசை உடைத்தல்' என்கிறோம். 1739 முதல் 1954 வரை நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் 'தெக்கூராஜே' என்பர். துணிவைக் குறிக்கும் அவர்களுடைய 'கூராஜ்' என்ற சொல், இருதயத்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. எம்மொழியில் சொன்னாலும் அடி விழும் இடம் ஒன்றே.

இவ்வினையின் வழக்கில் ஒரு விந்தை உண்டு. "மனம் தளர்ந்துபோனேன்" என்று சொல்லாதவர் இல்லை. "நான் ஒருவனைத் தளர்த்தினேன்" என்று சொல்பவரைக் காண்பது அரிது. கேட்டால், "அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்போம்.

நன்மைக்காகச் சொல்வதும் உண்டு, மறுக்கவில்லை. புயற்கூண்டு ஏற்றிய நாளில், "இன்று கடலுக்குப் போகாதே" என்பது தடுத்தல். "உன்னால் ஆகாது" என்பது தளர்த்துதல். முன்னது அந்த நாளைப் பற்றியது; நாளை மாறிவிடும். பின்னது ஆளைப் பற்றியது, அவனோடேயே இருந்துவிடும்.

எண்ணாகமத்தில் மோயீசன் கானான் நாட்டைப் பார்த்துவர 12 பேரை அனுப்பினார். 40 நாள் சுற்றிவந்தார்கள். நகரங்களுக்கு அரண் உண்டு, மக்கள் வலியவர்கள் என்ற செய்தியைக் காலேபும் மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பேர், "நம்மால் ஆகாது" என்று முடித்தார்கள். தங்களை வெட்டுக்கிளிகளுக்கு ஒப்பிட்டார்கள். அன்றிரவு ஜனங்கள் எல்லோரும் அழுதார்கள். அந்த 40 நாளுக்கு ஈடாக, வனாந்தரத்தில் 40 ஆண்டு அலைய நேர்ந்தது. பத்து வாய்கள் ஒரு தலைமுறையையே தளர்த்திவிட்டன.

புனித சின்னப்பரும் கொலோசையருக்கு எழுதிய நிருபத்தில், பிள்ளைகள் மனந்தளரும்படி அவர்களுக்கு எரிச்சல் மூட்டவேண்டாம் என்று தந்தையரை எச்சரிக்கிறார். பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டாம் என்பதல்ல அதன் பொருள். கண்டிப்பு பிள்ளையின் பிழையைத் திருத்த வேண்டும். பிள்ளையின் மனக்கட்டை அவிழ்த்துவிடக் கூடாது.

நம்மிடையே இது எங்கே நடக்கிறது? முதன்முதலாக வாசகம் வாசிக்க வந்து தடுமாறும் சிறுவனைப் பார்த்து நாம் சிரிக்கும்போது நடக்கிறது. மேலே படிக்க விரும்பும் பெண்ணிடம், "உனக்கு எதற்கு இதெல்லாம்?" என்னும்போது நடக்கிறது. குடியை விட்டு மூன்று நாள் ஆனவனிடம், "எத்தனை நாளைக்குப் பார்ப்போம்" என்னும்போது நடக்கிறது. நமக்கு அது ஒரு வார்த்தை; அவர்களுக்கு அதுவே தீர்ப்பு.

தளர்த்துதலுக்கு மாற்றுச் சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. நம் காரைக்கால் ஆலயத்தில் மாதாவைத் தேற்றரவு அன்னை என்றே அழைக்கிறோம். 'தேறு' தன்வினை, 'தேற்று' பிறவினை. தளர்ந்தவன் தானாகத் தேறுவது கடினம். தேற்ற ஒருவர் வேண்டும்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில், நம் வார்த்தையால் தளர்ந்தவர் ஒருவரை நினைவுகூர்ந்து, அவர் வீட்டுக்கு நாமே சென்று, "நீ தொடங்கு, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்வோமாக.