தலையணையில் ஒரு பூங்கொத்து



கல்யாணச் சீர்வரிசையில் பாத்திர பண்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி தலையணை உறையும் இருந்த காலம் உண்டு. வெள்ளை பாப்ளின் துணி, அதில் ஒரு ரோஜாக் கொத்து, கீழே வளைந்த எழுத்தில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. பெண்ணின் கைவேலை என்று நாலு பேரிடம் எடுத்துக் காட்டுவார்கள். தமிழே புழங்குகிற வீட்டில் தூக்கத்துக்கு மட்டும் ஏன் ஆங்கிலமோ, போகட்டும்.

அந்தக் கைவேலையை எதை வைத்து எடைபோடுவது? சுவரில் மாட்டுகிற படத்துக்குக் கண் போதும். தலையணை உறைக்குக் கன்னமும் சாட்சி சொல்ல வேண்டும். அதன்மேல் ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்கப்போகிறார். இதை மறந்துவிட்டு, நட்ட நடுவில் பிரெஞ்சு முடிச்சும் கண்ணாடிச் சில்லும் வைத்துத் தைத்தால் விடியும்போது கன்னத்தில் அச்சு விழுந்திருக்கும். பிறகு அந்த உறை விருந்தாளி வரும்போது மட்டுந்தான் வெளியே வரும்.

கைதேர்ந்தவர்கள் பூவை மூலையிலோ வாயோரத்திலோ வைத்து, தலை படும் இடத்தை வெறுமையாக விடுவார்கள். தையலும் படிந்து கிடக்கும். கொடிக்குக் காம்புத் தையல், சின்ன இதழுக்கு லேசி டெய்சி, விளிம்புக்குச் சங்கிலித் தையல். சாட்டின் தையல் நல்ல பளபளப்புதான். ஆனால் இதழ் அகலமானால் நூல் துணியில் பிடிப்பில்லாமல் மிதக்கும், காதுத் தோட்டில் மாட்டி இழுபடும். அகன்ற இதழை நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றித் தைத்து நிரப்புவதே முறை.

நூலிலும் ஆசை அதிகம் கூடாது. கடையில் வாங்கும் எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். ஆறையும் சேர்த்துக் கோத்தால் வேலை சீக்கிரம் முடியும், பூவும் தடித்துப் புடைக்கும். இரண்டு இழையைப் பிரித்து, ஒரு முழம் அளவுக்கு வெட்டிக் கோத்துக்கொண்டால் போதும். நீளமாகக் கோத்தால் துணிக்குள் புகுந்து புகுந்து நூல் பிசிறடித்து, மெருகு போய்விடும்.

எண்ணெய்த் தலை படுகிற துணி, அடிக்கடி துவைத்துத்தான் ஆக வேண்டும். புதுத் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்துவிட்டால், முதல் துவைப்பில் துணி சுருங்கும், நூல் அந்த அளவு சுருங்காது. பூவைச் சுற்றிலும் கொசகொசவென்று சுருக்கம் நிற்கும். சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்த பிறகே ஊசியில் கோக்கலாம்.

உறையைப் புரட்டியும் பாருங்கள். நல்ல வேலையில் பின்பக்கம் முடிச்சு உறுத்தாது. நூல் முனையை ஏற்கெனவே போட்ட தையல்களுக்கு அடியில் செருகி வெட்டியிருப்பார்கள். இதில் நீலகிரித் தோடர் பெண்களை மிஞ்ச ஆளில்லை. துணியில் எதையும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். பூத்துக்குளி என்னும் போர்வைக்கு உரிய அந்த வேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது குஷன் உறைகளிலும் கிடைக்கிறது. அதில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று புதியவருக்குச் சட்டென்று பிடிபடாது. தையல் கொஞ்சம் புடைத்திருக்கும். முதுகு சாய்கிற குஷனுக்கு அது குறையில்லை.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மலிவு, பார்வைக்குச் சுத்தம். ஆனால் அடியில் ஒட்டுத் துணி கொடுத்து நெருக்கமாகத் தைப்பதால் பூ அட்டைபோல விறைத்து நிற்கும். மேசை விரிப்புக்குச் சரி. படுக்கிற தலையணைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

புதிதாகத் தைக்க நினைக்கும் நேயர்கள் மயில், அன்னம் என்று தொடங்க வேண்டாம். மூலையில் ஒரு கொடி, நாலைந்து இலை, இரண்டு பூ. தைத்து முடித்ததும் ஒருமுறை அலசி, தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போடுங்கள். அன்று இரவே தலைக்கு வைத்துப் படுத்துப் பாருங்கள்.