'கம்ப்ளீட்லி' எங்கே உட்காரணும்?

போன மாசம் நான் எழுதின ஒரே ஒரு வாக்கியத்தால ஆபீஸ்ல ஒரு மணி நேரம் அவசர மீட்டிங் நடந்துச்சு. கோட்ல எந்தத் தப்பும் இல்லை. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இடம் மாறிடுச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு எபிசோட் அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

நடந்தது இது. ஒரு கஸ்டமர் அக்கவுன்ட்டை மூடிட்டா, அவரோட பழைய டேட்டாவை அழிக்க எங்ககிட்ட ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. தினமும் ராத்திரி ஓடும். ஒரு நாள் அது பாதியில நின்னுடுச்சு. மெயின் டேட்டாபேஸ்ல எல்லாம் அழிஞ்சது. பேக்கப்ல மட்டும் கொஞ்சம் மிச்சம். கிளையன்ட்டுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டியது நான். முதல்ல இப்படி எழுதினேன்:

"தி ஸ்கிரிப்ட் ஃபெயில்டு டு கம்ப்ளீட்லி டிலீட் தி டேட்டா."

அதாவது, அழிச்சது, ஆனா முழுசா அழிக்கலை. நடந்ததை அப்படியே சொல்ற வாக்கியம். அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிச்சேன். 'டு'வுக்கும் 'டிலீட்'டுக்கும் நடுவுல 'கம்ப்ளீட்லி' உட்கார்ந்திருந்தது கண்ணை உறுத்துச்சு. பத்தாம் வகுப்புல எங்க இங்கிலீஷ் சார் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டது ஞாபகம் வந்துச்சு: "டு-வையும் வெர்பையும் பிரிக்கக் கூடாதுடா!" கிளையன்ட் வேற லண்டன்காரர். 'இவனுக்கு கிராமரே தெரியலையே'ன்னு நினைச்சிடுவாரோன்னு ஒரு பயம். அந்த வார்த்தையைத் தூக்கி முன்னாடி வச்சேன்:

"தி ஸ்கிரிப்ட் கம்ப்ளீட்லி ஃபெயில்டு டு டிலீட் தி டேட்டா."

இப்போ என்ன அர்த்தம்? ஸ்கிரிப்ட் சுத்தமா தோத்துடுச்சு, எதையுமே அழிக்கலை! மறுநாள் காலையில கால் வந்துச்சு. "அப்போ ஒரு ரெக்கார்டுகூட அழியலையா?" அக்கவுன்ட்டை மூடினவங்க டேட்டா மொத்தமும் அப்படியே இருக்குன்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க லீகல் டீம் வரைக்கும் விஷயம் போயிடுச்சு. தப்பு அவங்க மேல இல்லை. நான் எழுதினதை அவங்க சரியாத்தான் படிச்சாங்க.

சரி, இந்த விதி எங்கிருந்து வந்துச்சு? 'டு டிலீட்', 'டு கோ' மாதிரி 'டு'வோட வர்ற வினைக்கு இன்ஃபினிட்டிவ்னு பேர். நடுவுல ஒரு அட்வெர்ப், அதாவது வினையடை, நுழைஞ்சா அது ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ். 1864-ல் ஹென்றி ஆல்ஃபோர்ட் என்ற கேன்டர்பரி பாதிரியார் இங்கிலீஷ் நடை பற்றிய தன் புத்தகத்தில் இதை எதிர்த்து எழுதினார். 'டு'வும் வினையும் பிரிக்க முடியாதவை, இப்படிப் பிரிக்கும் பழக்கமே இங்கிலீஷில் கிடையாது என்பது அவர் வாதம். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் அப்படி எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். இல்லாத விதி, பள்ளிக்கூடம் வழியாகப் பரவி, விதி ஆகிவிட்டது.

1926-ல் ஃபவுலர் என்ற அகராதி ஆசிரியர் தன் 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' நூலில் இங்கிலீஷ் பேசுகிறவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்னா என்னன்னு தெரியாது, கவலையும் இல்லை என்பவர்கள் முதல் வகை. அவங்கதான் சந்தோஷமான கூட்டம்னு அவரே சொல்றார். என்னன்னு தெரியாது, ஆனா ரொம்பக் கவலைப்படுறவங்க ரெண்டாவது வகை. தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுறவங்க, தெரிஞ்சுக்கிட்டு ஆதரிக்கிறவங்க, தெரிஞ்சுக்கிட்டு இடம் பார்த்து முடிவெடுக்கிறவங்க மீதி மூணு. நூறு வருஷம் முன்னாடி எழுதின அந்த ரெண்டாவது வகையில அச்சு அசலா நான் இருந்தேன்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை. 2009 ஜனவரி 20, ஒபாமா முதல் தடவை பதவியேற்ற நாள். அமெரிக்க அரசியலமைப்புல இருக்கிற உறுதிமொழியில 'வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்'னு வரும். சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 'ஃபெய்த்ஃபுல்லி'யை வாக்கியத்தோட கடைசிக்குத் தள்ளிட்டார். ஒபாமா ஒரு நொடி தடுமாறினார். எதுக்கு வம்புன்னு மறுநாள் வெள்ளை மாளிகையில இன்னொரு தடவை உறுதிமொழி எடுத்தாங்க. இங்கே 'டு' இல்லை, 'வில்'தான். ஆனா ரெண்டுக்கும் நடுவுல அட்வெர்ப் வரக் கூடாதுங்கிற அதே பழைய பழக்கம்தான் நீதிபதியை இடற வச்சிருக்கும்னு மொழியியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார்.

1966-ல் வந்த 'ஸ்டார் டிரெக்' தொடரோட தொடக்கத்துல 'டு போல்ட்லி கோ'ன்னு வருது. உலகமே அதைக் கேட்டுச்சு, ஒண்ணும் ஆகலை. 'தி எக்கனாமிஸ்ட்' பத்திரிகைகூட 2018-ல் தன்னோட நடைக் கையேட்டுல இந்தத் தடையைத் தளர்த்திடுச்சு.

அப்போ இஷ்டத்துக்குப் பிரிக்கலாமான்னா, அதுவும் இல்லை. நான் இப்போ மூணு விஷயம் பார்க்கிறேன்.

ஒண்ணு, அட்வெர்ப் எந்த வினையோட ஆள்? 'ஐ ரியலி வான்ட் டு அண்டர்ஸ்டாண்ட்'னா ஆசை பெருசு. 'ஐ வான்ட் டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்'னா புரிதல் ஆழமா வேணும். ரெண்டும் சரி, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை.

ரெண்டு, ரெண்டு வினைக்கும் நடுவுல, 'டு'வுக்கு முன்னாடி வச்சா அது ரெண்டு பக்கமும் பார்க்கும். 'வீ டிசைடட் குயிக்லி டு ரீஸ்டார்ட்'. வேகமா முடிவெடுத்தோமா, வேகமா ரீஸ்டார்ட் பண்ண முடிவெடுத்தோமா? படிக்கிறவர் பாடு. பிரிக்கப் பயந்து நாம அடிக்கடி கொண்டுபோய் வைக்கிற இடம் இதுதான். 'நாட்' விஷயம் வேற. 'டிசைடட் நாட் டு ரிலீஸ்'னு 'டு'வுக்கு முன்னாடி வைக்கிறதுதான் வழக்கம், குழப்பமும் இல்லை. ஆனா 'டிட் நாட் டிசைட் டு ரிலீஸ்'னா, ரிலீஸ் பண்றதா முடிவெடுக்கலைன்னு மட்டும்தான் அர்த்தம். 'ரிலீஸ் வேண்டாம்'னு முடிவானதா ஆகாது.

மூணு, நகர்த்தினாலும் அர்த்தம் மாறலைன்னா தாராளமா நகர்த்துங்க. 'டு ரன் தி டெஸ்ட் குயிக்லி' அழகாவே இருக்கு. தேர்வுல, பழைய பாணி ஆட்களுக்கு எழுதற லெட்டர்ல அது பாதுகாப்பும்கூட. ஆனா 'எக்ஸ்பெக்டட் டு மோர் தேன் டபுள்' மாதிரி வாக்கியத்துல 'மோர் தேன்'ஐ வேற எங்கேயும் வைக்க முடியாது. அங்கே பயப்படாம பிரிச்சிடுங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. தமிழ்ல 'அழிக்க' ஒரே சொல். நடுவுல எதையும் நுழைக்க முடியாது. அதனால வினையடையை அதுக்கு முன்னாடி ஒட்டி வைக்கிறோம்: 'முழுசா அழிக்கத் தவறிடுச்சு.' நான் முதல்ல எழுதின இங்கிலீஷ் வாக்கியமும் அதையேதான் செஞ்சிருந்துச்சு. 'கம்ப்ளீட்லி'யை 'டிலீட்' பக்கத்துலயே உட்கார வச்சிருந்துச்சு. என் காது சரியாத்தான் சொல்லியிருக்கு. பயம்தான் அதை மாத்துச்சு. அதுக்காக தமிழ்ல குழப்பமே வராதுன்னு சொல்லலை. "நேத்தே அனுப்பச் சொன்னேன்ல?"ன்னு வீட்டுல ஒருத்தர் கேட்டா, சொன்னது நேத்தா, அனுப்ப வேண்டியது நேத்தான்னு சண்டையே வரும்!

அன்னைக்கு மீட்டிங் முடிஞ்சதும் எங்க டீம் லீட் என்னைத் திட்டலை. "எதை மாத்தினே?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க. "அனுப்புறதுக்கு முன்னாடி கிராமர் பாரு, வேண்டாங்கலை. ஆனா மாத்தினதுக்கு அப்புறம் அர்த்தத்தை ஒரு தடவை பாரு"ன்னாங்க. புது ரிப்போர்ட்ல எது அழிஞ்சது, எது மிச்சம்னு ரெண்டு தனி வாக்கியமா எழுதினேன். பழைய வாக்கியத்தையும் விடலை. 'டு கம்ப்ளீட்லி டிலீட்'னு முதல்ல இருந்தபடியே வச்சு அனுப்பினேன். கிளையன்ட்கிட்ட இருந்து ஒரே வரி பதில்: "நவ் இட்ஸ் க்ளியர், தேங்க்ஸ்."

ஆபீஸ் மெயில் எழுதும்போது நீங்க இப்படிப் பயந்து மாத்தின வார்த்தை ஏதாவது இருந்தா எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.