மூச்சிரைப்பு: நோயின் பெயர் யாது?



பாட்டுக்கும் நாடகத்துக்கும் இடையே நோயைப் பற்றிப் பேச நம்மை அழைத்தது சற்று வியப்பே. ஆயினும் மார்கழிப் பனியில் நம் காலனித் தெருவில் நடந்தவர்கள், வாசல் தெளிக்கும் ஓசைக்கு முன்னரே இருமல் ஓசை எழுவதை அறிவார்கள்.

அதனை நாம் இழுப்பு என்கிறோம், ஈளை என்கிறோம், இளைஞர்கள் வீசிங் என்கிறார்கள், அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார் உப்பசம் என்கிறார். பெயர்கள் பல. ஆனால் இவை யாவும் ஓர் அடையாளத்தின் பெயர்களேயன்றி நோயின் பெயர்கள் அல்ல. மார்பில் சீழ்க்கை ஒலி கேட்டால் காற்றுக்குழல் எங்கோ ஒடுங்கியிருக்கிறது என்பதே பொருள். ஏன் ஒடுங்கிற்று என்பது வேறு கேள்வி.

அக்கேள்வியை விடாது கேட்டவர்கள் நமக்கு அருகிலேயே இருந்தனர். அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஆரோக்கியவரத்தில், 1915-ஆம் ஆண்டு காசநோய் மருத்துவ நிலையம் ஒன்று திறக்கப்பெற்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோலர் அங்கே பணிபுரிந்தார். காசம் என்று கருதப்பட்டு வந்த நோயாளர் சிலருக்கு இரவில் இருமலும் இரைப்பும் இருந்தன. எக்ஸ்ரே படத்தில் புள்ளி புள்ளியாக நிழலும் தெரிந்தது. ஆனால் சளியில் காசக் கிருமி இல்லை. இரத்தத்தைப் பார்த்தபோது இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் அளவு கடந்து மிகுந்திருந்தன. அவரும் பார்ட்டன் என்பவரும் இதனை 1940-இல் எழுதி வெளியிட்டனர். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் இதற்கு வெப்பமண்டல இயோசினோபீலியா என்று பெயரிட்டார். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளை எதிர்த்து உடல் கொள்ளும் சீற்றமே இதன் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அப்புழுவுக்குரிய மாத்திரை சில வாரங்களில் இந்நோயைத் தணித்தது. காசமென்று எண்ணி மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார் என்றால், பெயரைச் சரியாக அறிந்ததே காரணம். இன்று நம் வீடுகளில் எந்த இருமலையும் ‘ஈசனோபீலியா’ என்று சொல்லிவிடுகிறோமே, அது மட்டும் சரியன்று. ஆஸ்துமாவிலும் அவ்வணுக்கள் கூடுவதுண்டு.

இனி, நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டினுக்கு வருவோம். ஆஸ்துமா பெரும்பாலும் இளமையில் தொடங்குவது. காற்றுக்குழலின் உட்சுவர் அழற்சியுற்றிருக்கும். தூசியோ, குளிரோ, புகையோ, சில வேளை ஒரு பெருஞ்சிரிப்போ பட்டால் குழல் சுருங்கும். பிறகு விரியும். விரிந்ததும் நாம் செய்யும் பிழை, மருந்தை நிறுத்திவிடுவது. நீறுபூத்த நெருப்பைப் போல அழற்சி உள்ளே இருந்துகொண்டேயிருக்கும். ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்ற அச்சம் வேறு! உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து மைக்ரோகிராம் அளவில் குழலுக்கே நேராகச் செல்வது. அதற்கு அஞ்சி, கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரையோ மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் பரவி, நாளடைவில் எலும்பை மெலிவித்துச் சர்க்கரையை ஏற்றுவது. எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு நாம் அஞ்சுவதில்லை. குழலை உடனே விரிக்கும் மருந்தை மட்டும் தனியே நம்பியிருத்தலாகாது என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வல்லுநர் குழுவும் அறிவுறுத்தி வருகிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் இன்ஹேலரைப் பீரோவில் ஒளித்துவைக்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். ஒளித்த மருந்து இரவு இரண்டு மணிக்கு உதவாது.

மற்றொன்று நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவர் வாயில் சி.ஓ.பி.டி. இது பெரும்பாலும் நாற்பதைக் கடந்தபின் மெல்ல வருவது. இதில் குழல் தடித்துத் தழும்பேறுகிறது. காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. சிதைந்தது மீள்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2021-இல் மட்டும் இந்நோயால் ஏறத்தாழ 35 லட்சம் பேர் மாண்டனர்.

பீடியும் சிகரெட்டுமே காரணம் என்று எண்ணி மகளிர் ஆறுதல் கொள்ளலாகாது. நம் அன்பர் ஒருவரின் தாயார் புகையிலையைத் தொட்டறியாதவர். சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் வெல்லம் காய்ச்சும் அடுப்பில் கருப்பஞ்சக்கை எரித்தவர்; வீட்டிலோ நாற்பது ஆண்டுகள் விறகடுப்பு. குடத்தைத் தூக்கினால் இரைக்கும். ‘வயதாகிவிட்டது’ என்றே நாமெல்லாம் ஆண்டுக்கணக்கில் தள்ளிவிட்டோம். இறுதியில் திருப்பதியில் ஒரு குழாயில் ஊதச் செய்து பார்த்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது.

அச்சோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். வலியில்லை, ஊசியில்லை. மூச்சை நிறைய இழுத்து வேகமாக ஊதவேண்டும். குழல் விரிக்கும் மருந்து தந்தபின் மறுபடியும் ஊதச் செய்வர். அப்போது நன்றாக ஏறினால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்கிறது. மருந்துக்குப் பின்னும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது நூற்றுக்கு 70-க்குக் குறைவாகவே நின்றால் அடைப்பு நோயை எண்ண வேண்டும். இரண்டும் ஒருவரிடமே கூடியிருப்பதும் உண்டு. அந்த அம்மையாருக்கு இழந்தது திரும்பவில்லை. ஆனால் அடுப்பு மாறியது, நாள்தோறும் உள்ளிழுக்கும் மருந்து வந்தது, குளிர்காலக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடப்பெற்றது. இப்போது தெருமுனைக் கடைவரை தாமே நடந்து போய்வருகிறார்.

இடையில் ஒன்று. காலனிக் கொசுவுக்கு நாம் மூடிய அறையில் சுருள் கொளுத்துகிறோம். ஒரு சுருள் எரிந்தால் எழும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. கொசுவலை விலை குறைந்ததுதானே!

மலைப்பயணத்தைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அலிபிரிப் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள். முடிவை நெருங்கும்போதுதான் மோகாள்ள பர்வதம், அதாவது முழங்கால் மலை, செங்குத்தாக நிற்கிறது. ஆஸ்துமா அடங்கியிருப்பவர் மருத்துவரைக் கேட்டு, உடனே குழல் விரிக்கும் இன்ஹேலரை இடுப்பு மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக ஏறலாம். வீட்டு மாடிப்படியிலேயே நின்று நின்று ஏறுபவர், வேண்டுதல் எதுவாயினும், கீழேயே பேருந்தில் ஏறிக்கொள்ள வேண்டும். இரைப்பு தொடங்கியபின் இன்ஹேலரைத் தேடி மூட்டையை அவிழ்க்கும் காட்சியை அப்படிகளில் நாம் ஒருமுறை கண்டோம். மூட்டையின் அடியில், லட்டுக்கென்று கொண்டுபோன பைக்குள் அது இருந்தது.