பழைய காரும் துருவும்

மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களில் பழைய பத்மினி, அம்பாசடர் கார்களை இன்றும் பேணி வருவோர் உண்டு. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றது. பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நின்றுவிட்டது. இவ்வண்டிகளின் பெரும் பகை துருவேயாகும். பழுதான எஞ்சினைக் கழற்றி மாற்றலாம். அடித்தளத்தை அவ்வாறு மாற்றுதல் அரிது.

இதன் காரணத்தை முதலில் அறிவோம். லாரியிலும் ஜீப்பிலும் சேஸிஸ் என்பது தனிச் சட்டம். உடற்பகுதி அதன்மேல் ஏற்றப்பெறுகிறது. இவ்விரு கார்களிலோ முழு நீளத்துக்கும் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தரைத்தகடும், கதவுகளின் கீழே செல்லும் பெட்டி போன்ற விட்டங்களும், உடற்கூடும் ஒன்றாய் இணைந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே அங்கே துரு ஏறுதல் வெறும் அழகுக்குறை அன்று. பயணம் செய்வோர் உயிருக்கே ஊறாகும்.

இரும்புடன் நீரும் காற்றும் கூடினால் துரு தோன்றும். உப்பும் சேர்ந்தால் விரைந்து பரவும். கடற்காற்று வீசும் மும்பையில் இத்தொல்லை மிகுதி. விட்டங்களின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்தால் நீர் உள்ளே தங்கிவிடும். வெளியே வண்ணம் பளபளக்க, உட்புறம் அரிந்துகொண்டிருக்கும்.

துருவின் மீதே தார் பூசுவது பயனற்றது. அடியில் சிறைப்பட்ட ஈரம் மறைவில் தன் வேலையைச் செய்யும். மழைக்காலம் கழிந்ததும் அடிப்புறத்தை நன்னீரால் கழுவி, துளைகளைத் திறந்து, முற்றும் உலரவிடுவோம். பின்னர்த் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு பளிச்சிட்ட பின், துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசவேண்டும். துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும். அதன்மேல் பெயிண்டு பூசுக. பிரஷ் எட்டாத உட்குழிவுகளில் மெழுகுக் கலவையைப் பீய்ச்சுவதே தக்க வழி.

ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டி வைத்து மூடினால் வலிமை மீளாது. இற்றுப்போன தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகட்டை வெல்டிங் செய்தல் வேண்டும். பழைய கார் வாங்குவோரும் மேற்பூச்சைக் கண்டு மயங்காது, தரைவிரிப்பை நீக்கிப் பார்த்தல் நன்று. எவ்வேளையிலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது. உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே புகவேண்டும்.

ஆண்டுக்கொருமுறை செய்யும் இச்சிறு பணி, கிடைத்தற்கரிய வண்டியையும் அதில் செல்லும் நம்மவரையும் ஒருங்கே காக்கும்.