பேய்க்குச் சப்பாத்து எதற்கு?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

“நான் படித்த நாவல்” என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ‘பாடப் புத்தகம் இருக்க, கதைப் புத்தகம் என்னாத்துக்கு?’ என்று கேட்கும் பெற்றோர்களும் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

நாவலின் பெயர் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’. எழுதியவர் மருத்துவராகத் தொழில் பார்த்த சர் ஆர்தர் கோனன் டாயில். 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை ‘ஸ்டிராண்ட்’ என்னும் ஆங்கில மாத இதழில் தொடராக வந்து, 1902-இல் நூலாயிற்று.

கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் டார்ட்மூர். மரம் மட்டை அதிகமில்லாத மேட்டுப் பொட்டல். ஆங்காங்கே பாறைக் குன்றுகள். ஆதி மனிதர் வாழ்ந்த கல் குடிசைகள். பக்கத்திலே பெரிய சிறைச்சாலை. கால் வைத்தால் ஆளையே விழுங்கும் சேற்று நிலம் வேறு! ஒரு மட்டக் குதிரை அந்தச் சேற்றில் சிக்கி, கத்திக் கத்தி மூழ்குகிற இடத்தைப் படிக்கும்போது நம் கால்களும் தாமாகவே மேலே தூக்கிக்கொள்கின்றன.

அங்குள்ள பழைய மாளிகைச் சொந்தக்காரர்களைப் பேய் நாயொன்று பலி வாங்குவதாகப் பரம்பரையாக ஒரு பேச்சு. அதை நம்பிப் பயந்துகொண்டிருந்த சர் சார்ல்ஸ் ஒருநாள் இரவு தோட்டத்திலே செத்துக் கிடக்கிறார். உடம்பில் காயமில்லை. ஆனால், சற்றுத் தள்ளி ஒரு பெரிய நாயின் காலடித் தடம்! அடுத்த வாரிசு சர் ஹென்றி கனடாவிலிருந்து வந்து சேர்கிறார்.

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் தாம் உடனே போகாமல், நண்பர் டாக்டர் வாட்சனை மட்டும் அனுப்பி வைக்கிறார். கெட்டிக்காரர் கூட இல்லையே என்ற தவிப்பு நம்மையும் பிடித்துக்கொள்கிறது. நள்ளிரவில் சன்னலோரம் மெழுகுவர்த்தி காட்டும் வேலைக்காரர், எங்கிருந்தோ வரும் ஊளை, மெல்ல மெல்ல ஊர்ந்து வரும் மூடுபனி... புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வருமா?

மாணவர்களே, ஒன்றை மட்டும் உங்களிடம் விடுகிறேன். லண்டன் ஓட்டலில் சர் ஹென்றியின் புதுச் சப்பாத்தில் ஒன்று காணாமல் போகிறது. பிறகு பழைய சப்பாத்தில் ஒன்று போகிறது. புதுசு மட்டும் திரும்பி வந்துவிடுகிறது! கால் படாத புதுசை விட்டு, போட்டுத் தேய்ந்த பழசை எவன் எடுப்பான்? பேய்க்குச் சப்பாத்து எதற்கு? யோசித்துப் பாருங்கள். முடிவை நான் சொல்லமாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களே, சர் சார்ல்ஸுக்கு ஏற்கெனவே இருதயம் பலவீனம். அவரைக் கொன்றது பல்லும் அல்ல, நகமும் அல்ல; பயம். அவர் எதற்குப் பயப்படுவார் என்று ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. நம் பயத்தைத் தெரிந்துகொண்டவன் நம்மை ஆட்டி வைப்பான் என்பதே நான் இதில் கண்ட பாடம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், “காத்துக் கருப்பு பட்டுடுச்சு” என்று தாயத்துக் கட்டிவிட்டு இரண்டு நாள் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கும்பிடுங்கள். ஆனால், முதலில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்! அந்த இரண்டு நாளில் காய்ச்சல் முற்றிவிட்டால் எந்த மந்திரவாதி வந்து பதில் சொல்வான்?

“அங்கே போகாதே, முனி இருக்கு” என்று பிள்ளையை அடக்குவது நமக்குச் சுலபம்தான். “அங்கே என்ன இருக்கு, வா பார்ப்போம்” என்று கைவிளக்கை எடுத்துக்கொண்டு கூடப் போகும் தகப்பனே பிள்ளையின் முதல் ஆசிரியர். தடத்தைப் பார், காரணத்தைத் தேடு, பிறகு நம்பு. இந்த நாவல் சொல்லித்தருவது இதைத்தான்.

இன்று பரிசாகப் புத்தகம் வாங்கும் பிள்ளைகளே, அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இரவில் அம்மா அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.