கழகம் என்னும் சொல்



முருகப்பெருமான் திருக்குட நீராட்டு விழாவில் கூடியுள்ள இப்பேரவையில், அறிஞர் உலகைக் குறிக்கும் 'கழகம்' என்னும் சொல்லைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். முன்னாளில் சர்வகலாசாலை என்று வழங்கிய கல்விப் பேரவையை இன்று பல்கலைக்கழகம் என்கின்றோம். தில்லைக்கூத்தன் திருநகரில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அறியாதார் யார்?

ஆயின், இச்சொல்லின் பழைய வழக்கு வேறு. திருவள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்தில் இரண்டு குறட்பாக்களில் இதனை ஆள்கின்றார். அங்கே கழகம் என்பது கவறாடும் இடம். சேர்த்த செல்வத்தையும் பண்பையும் ஒருங்கே கெடுக்கும் இடம். கம்பநாடரோ, பாலகாண்டத்தில் கோசல நாட்டின் வளம் பாடுங்கால், மயிலேறும் கந்தவேளை ஒத்த இளைஞர் கலை பயிலும் இடத்தைக் கழகம் என்கின்றார்.

இரண்டிற்கும் பொதுவாய் நிற்பது பலர் கூடுதல் ஒன்றே. ஏற்றமும் இழிவும் கூடுவோர் செயலால் வருவன.

அன்பர்களே! நன்கொடை ஈந்த செல்வர்தம் தொண்டினால் கோபுரம் பொலிகின்றது, கலசம் ஒளிர்கின்றது. நாளை முதல் இம்மண்டபத்தில் கூடுவோர் வீண்பொழுது போக்குவரேல், இதுவும் வள்ளுவர் கடிந்த கழகமாய்விடும். திருமுறையும் திருப்புகழும் ஓதிப் பொருள் உணர்வரேல், கம்பர் கண்ட கழகமாய்த் திகழும். ஆதலின், வாரம் ஒருநாளேனும் ஊர்ச் சிறுவர்க்கு இங்கே தமிழ்மறை கற்பிக்க ஆவன செய்யுமாறு திருப்பணிக் குழுவினரைப் பணிந்து வேண்டுகின்றேன். அதனால் இத்திருப்பணி நிறைவெய்தும்.

கந்தவேள் திருவருள் முன்னிற்க!