கண் பேசும் மொழி



வாய் ஒன்று சொல்லக் கண் வேறொன்று சொல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். "இருங்கள், ஆறுதலாகப் போகலாம்" என்று வாய் விருந்தினரை உபசரிக்கும். கண்ணோ கடிகாரத்தை நாடும். விருந்தினரும் கண்ணையே நம்பி எழுந்துவிடுவார். கண்ணின் குறிப்பை அறிவது எத்துணை அவசியமென்பதை உணர்ந்தன்றோ, வள்ளுவப் பெருந்தகை 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களை வகுத்தார்? பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அது. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் அதுவே.

இம்மொழியைப் பேசுதற்கு மனிதனின் கண் மிகவும் ஏற்றது. கொபயாஷி, கொஷிமா என்னும் யப்பானிய ஆய்வாளர் இருவர் குரங்கினங்களின் கண்களை மனிதக் கண்ணுடன் ஒப்பிட்டு 1997இல் எழுதினர். பெரும்பாலான குரங்கினங்களில் கருவிழியைச் சூழ்ந்த பகுதி கபில நிறமானது. ஆதலால் அவை எத்திசையை நோக்குகின்றன என்பது எளிதிற் புலப்படாது. மனிதனிலோ அப்பகுதி வெண்மையாய், அகன்று தோன்றுகிறது. நமது பார்வை செல்லுமிடத்தை எதிரில் நிற்பவர் உடனே அறிவார்.

வாயில்லாச் சீவன்களும் கண்ணாற் பேசுகின்றன. கொரில்லாவை உற்று நோக்குதல் அதனைச் சண்டைக்கு அழைப்பதை ஒக்கும். நாயின் நோக்கோ நட்பை வளர்ப்பது. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீடித்து நோக்கும்பொழுது, இருவர் உடலிலும் ஒக்சிற்றோசின் என்னும் ஓமோன் மிகுகின்றதென யப்பானிய ஆய்வொன்று 2015இல் காட்டியது. தாய்க்கும் சேய்க்குமிடையே பாசத்தை வளர்ப்பதும் அதுவே.

ஆயினும், அந்நோக்கின் பொருளை நாம் சரியாக அறிகின்றோமா? நாய் தலைதாழ்த்திக் கண்ணைத் திருப்பினால், "குற்றமுள்ள நெஞ்சு" என்று முடிவுகட்டுகிறோம். அமெரிக்க ஆய்வாளரான அலெக்சாண்ட்ரா ஹொரோவிற்ஸ், 14 நாய்களைக் கொண்டு இதனைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். விலக்கிய தீனியை உண்ட நாயிடமும் உண்ணாத நாயிடமும் அப்பார்வை வேறுபடவில்லை. வளர்ப்பவர் அதட்டியபோதே அது மிகுந்தது. குற்றமேதும் செய்யாது அதட்டப்பட்ட நாயிடம் இன்னும் கூடுதலாகத் தோன்றியது. குற்றத்தின் சாட்சியென நாம் கொண்டது, நமது அதட்டலுக்கு அது காட்டிய மறுமொழியே.

அன்பர்களே, கண் உணர்ச்சியைச் சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. காரணத்தை நாமே கற்பித்துக் கொள்கிறோம். ஆசிரியர் முன் பார்வையைத் தாழ்த்தும் மாணவனை மரியாதை அறிந்தவன் என்கிறோம். அவனே நேர்முகப் பரீட்சையில் அவ்வாறு நின்றால், எதையோ ஒளிக்கிறான் என்கிறோம். பணப்பெட்டியிற் காசு குறைந்த நாளில் கடைப் பையன் நிலத்தைப் பார்த்தால், "கள்ள முழியைப் பார்" என்கிறோம். அவன் நெஞ்சில் இருப்பது களவோ, அன்றி வேலை போய்விட்டால் வீட்டில் உலை வைப்பதெப்படி என்ற ஏக்கமோ? கேட்டறியாது தீர்ப்பளித்தல் தகுமோ?

பிறர்பால் இரங்கும் பண்பிற்குத் தமிழர் இட்ட பெயர் கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அப்பெயர் கொண்டதே. பிறர் கண்ணை அளந்து தீர்ப்புச் சொல்லுமுன், நம் கண் அவர்பால் இரங்கி ஓடட்டும். "என்ன நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்போம். விடை வரும்வரை பொறுத்திருப்போம். இளைஞராகிய நாம் இன்றே இப்பழக்கத்தைத் தொடங்குவோமாக.